வெள்ளம் வடிந்த பிறகு ஊர்ப்பணத்தை எதில் போடுவது: அரிசிப் பையா, ரொக்கமா, கூடவே வரும் ஆளா?

வெள்ளம் வடிந்து பத்துப் பதினைந்து நாள் ஆன பிறகுதான் இந்தக் கேள்வி வரும். முதல் வாரத்தில் யாரும் ரொம்ப யோசிப்பதில்லை, யோசிக்கத் தேவையும் இல்லை. சோறு வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், மாற்றுத் துணியும் பாயும் வேண்டும், ராத்திரி படுக்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட வேண்டும். அதற்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. கோவிலில் ஒரு அடுப்பு, சர்ச்சில் ஒரு அடுப்பு, பள்ளிவாசலில் ஒரு அடுப்பு என்று மூட்டிவிடுவார்கள். அப்புறம் முகாம் கலையும், எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், வசூலான பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும், வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகள் அனுப்பியதும் வந்து சேர்ந்திருக்கும். அதை என்ன செய்வது என்று குடியிருப்போர் நலச் சங்கத்திலோ சர்ச்சின் பங்குப்பேரவையிலோ கூட்டம் போடுவார்கள். நாகர்கோவிலில் இப்படிச் சில கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் அரைமணி நேரத்தில் "எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்" என்று முடிந்துவிடுகிறது.

அந்த முடிவை அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் தாண்டிவிட்டால் ஊர்ப்பணத்தில் பாதி ஒரு ஆளுக்குச் சம்பளமாகப் போக வேண்டும். அதே தெருக்களில் வசிக்கிற, ஒரு வருஷத்துக்கு வீடு வீடாகப் போய்வருகிற, தாலுகா ஆபீசுக்கும் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வருகிற ஒரு ஆள். மீதிப் பாதி, அந்த ஆள் கண்டு சொல்கிற வீடுகளுக்கு ரொக்கமாகப் போக வேண்டும். மற்ற வழிகளோடு வைத்துப் பார்க்கும்போது ஏன் இது மேல், எந்த இடத்தில் இது உதவாது, இரண்டையும் சொல்கிறேன்.

நகரத்தில் பேரிடர் என்றதும் சென்னைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்து நாம்தான். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது, மற்றபடி பேரூராட்சிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வயலும் குளமும் வீடும் கலந்து கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்யும். மலையில் பெய்து பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் நிரம்பி உபரிநீரைத் திறந்துவிட்டால் குழித்துறைப் பக்கம் பயப்பட வேண்டும், பழையாறு நிரம்பினால் ஒழுகினசேரியிலிருந்து சுசீந்திரம் வரை தாழ்ந்த இடங்களில் இருப்பவர்கள் சாமானைக் கட்டிலுக்கு மேல் ஏற்ற வேண்டும். 2021 நவம்பர் மழையில் திருவனந்தபுரம் போகிற ரயில் பாதையில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை நம்மையும் விடவில்லை. ஆக, அடுத்தது வரும் என்று வைத்துக்கொண்டே பேசலாம்.

யாருக்காகச் செலவழிக்கிறோம் என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் நம் கூட்டங்கள் தவறிப்போகின்றன. "பாதிக்கப்பட்ட ஏழைகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். வாடகை வீட்டிலும் ஒற்றி வீட்டிலும் இருப்பவர்கள், அண்டியாபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போய் அன்றன்று உடைத்த கணக்குக்குக் கூலி வாங்குகிற பெண்கள், கட்டட வேலைக்கு வந்து ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கிற வடமாநிலத் தொழிலாளர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் போக வேண்டியவர்கள், வீடு கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிற திருநங்கைகள், இவர்கள் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை கிடையாது. அதோடு நம் மாவட்டத்தில் கணிசமாக இன்னொரு கூட்டம் உண்டு: மாடி வீடு, வாசலில் கேட், பிள்ளைகள் துபாயிலோ கனடாவிலோ, வீட்டுக்குள்ளே எழுபத்தைந்து வயதில் ஒரே ஆள். இவர்கள் பெயரை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை, "அவங்களுக்கு என்ன குறை" என்று தாண்டிப் போய்விடுகிறோம். தண்ணீர் வடிந்த பிறகு அப்படி ஒரு வீட்டில் ஒரு பாட்டி சொன்னது இது: "அரிசி கொண்டு வச்சிட்டுப் போறாவ மக்களே. மருந்துச் சீட்டு வெள்ளத்துல போச்சு, அத நான் யாருட்ட போய் கேக்க?"

தனியாக இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு 1995 ஜூலையில் சிகாகோவில் வீசிய வெப்ப அலையைச் சொல்லலாம். அந்த ஒரு வாரத்தில் 700 பேருக்கும் மேல் இறந்தார்கள், அதில் தனியே வசித்த முதியவர்கள் ஏராளம். எரிக் கிளினென்பெர்க் என்கிற சமூகவியலாளர் அதை ஆராய்ந்தபோது, அருகருகே இருந்த இரண்டு ஏழைப் பகுதிகளில் சாவு எண்ணிக்கை ரொம்பவே வித்தியாசப்பட்டதைக் கண்டார். கடைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள பகுதியில் முதியவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பிழைத்தார்கள். காலியாகிப்போன பகுதியில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது, ஆனாலும் கதவைத் தட்ட ஆள் உண்டா இல்லையா என்கிற கேள்வி இரண்டுக்கும் பொது.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம். அரிசிப் பை, மளிகை, போர்வை, பாத்திரம் என்று தொகுப்பாகக் கொடுப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முதல் வாரத்தில் அதுதான் சரி, கடை திறக்காத நேரத்தில் ரொக்கத்தை வைத்து என்ன செய்ய. மூன்றாவது வாரத்தில் அதே பையைக் கொடுத்தால் ஒரே வீட்டில் நாலு அமைப்புகளின் அரிசி இருக்கும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வேண்டியது கேஸ் அடுப்போ நனைந்துபோன தையல் மிஷினுக்கு மோட்டாரோ ஆக இருக்கும். ரேஷனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. நம் தெருவிலுள்ள முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் அதில் பதிவாகியிருக்கிறார்களா என்று பார்த்துக் கொடுத்தாலே அரிசிப் பை பாதி தேவைப்படாது, அதற்குக் காசும் ஆகாது. இன்னொன்று, பையைக் கையில் கொடுத்து போட்டோ எடுப்பதை நிறுத்துங்கள். வாங்கத் தகுதியுள்ள எத்தனையோ பேர் அந்த போட்டோவுக்குப் பயந்தே வரிசைக்கு வருவதில்லை.

ரொக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் நியாயமும் இருக்கிறது, பெரிய ஓட்டையும் இருக்கிறது. என்ன தேவை என்று அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும், அவர்கள் கையில் காசைக் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்பது சரியான வாதம். குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள், வெள்ளத்தில் சாமான் போன வீட்டுக்காரர்களை அப்படிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை, வீட்டுப் பெண் கையில் கொடுத்தால் அந்தப் பேச்சும் தீர்ந்தது. அரசாங்கமும் இப்போது இந்த வழியில்தான் போகிறது. 2015 சென்னை வெள்ளத்தில் குடும்பத்துக்கு 5,000 ரூபாய், 2018 வெள்ளத்தில் கேரளத்தில் 10,000 ரூபாய், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லையில் கடுமையாகப் பாதித்த தாலுகாக்களுக்கு 6,000 ரூபாய், நமக்கும் தென்காசிக்கும் 1,000 ரூபாய்.

ஓட்டை எங்கே என்றால் பட்டியலில். 2023-ல் அந்தப் பணம் ரேஷன் கடை வழியாக வந்தது. குடும்ப அட்டை சொந்த ஊரில் இருக்க, இங்கே வாடகைக்கு இருப்பவரின் நிலை என்ன? அட்டை மாமியார் பெயரில் இருக்க, தனியே பிரிந்து பிள்ளைகளோடு இருக்கிற பெண்ணின் நிலை என்ன? வீட்டுச் சேதத்துக்கான உதவி வீட்டுக்காரருக்குப் போகும், உள்ளே இருந்து எல்லாவற்றையும் இழந்த வாடகைக்காரருக்குப் போகாது. ஊர்ப்பணமும் அதே ரேஷன் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு விநியோகித்தால், அரசு விட்ட அதே ஆட்களை நாமும் ஒருமுறை விடுகிறோம். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள் பட்டியலை வைத்தே பணம் கொடுத்து முடித்தார்கள், பின்பக்க லைன் வீடுகளில் இருந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை.

அப்புறம் கணக்கு. மூன்று லட்சம் ரூபாய் மிச்சம் இருக்கிறது, முந்நூறு வீடு என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு ஆயிரம் ரூபாய். மாடியில் இருந்து தண்ணீரை வேடிக்கை பார்த்த வீட்டுக்கும் ஆயிரம், கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் நின்ற வீட்டுக்கும் ஆயிரம். அந்த ஆயிரத்தில் ஒரு மெத்தைகூட வாங்க முடியாது. சமமாகக் கொடுத்தால் சண்டை வராது என்பதுதான் இதற்கு ஒரே காரணம், அது சின்னக் காரணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும், ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம். ஆனால் சண்டையைத் தவிர்க்க வேறு வழி உண்டு. யார் யாருக்கு என்ற பெயர்களை வாசிக்காமல், எந்த அடிப்படையில் என்பதைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்து எல்லாரும் கைதூக்கி ஒத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, வீட்டில் சம்பாதிக்கிற ஆள் உண்டா, படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா, வாடகையா சொந்தமா. அடிப்படை எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அப்புறம் பெயரைக் கேட்டு வருபவர்கள் குறைந்துவிடுவார்கள்.

கடனாகக் கொடுக்கலாம், சுழல்நிதியாக வைக்கலாம் என்ற யோசனையும் வரும். பக்கத்தில் கேரளத்தில் 2018-க்குப் பிறகு குடும்பஸ்ரீ என்கிற மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக, வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு லட்சம் வரை வட்டியில்லாக் கடன் வங்கியிலிருந்து வாங்கிக் கொடுத்தார்கள், வட்டியை அரசு ஏற்றுக்கொண்டது. டீக்கடை, தையல், கோழி வளர்ப்பு என்று ஏற்கெனவே ஒரு தொழில் ஓடிக்கொண்டிருந்து வெள்ளத்தில் நின்றுபோனவர்களுக்கு அது கைகொடுக்கும். ஆனால் நம் தெருக்களில் உள்ள பல பெண்கள் ஏற்கெனவே இரண்டு மூன்று குழு லோனில் இருக்கிறார்கள், வாரத் தவணை வெள்ளத்துக்காக நிற்காது, இதில் நாமும் ஒரு கடனைக் கொடுத்தால் அது பழைய தவணைக்கே போய்விடும். உழைக்க முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் கடன் எந்த வகையிலும் உதவாது. ஊர்ச் சங்கம் கடன் கொடுத்து வசூலிக்கும் இடமாக மாறினால் அடுத்த வெள்ளத்தில் அந்தச் சங்கத்திடம் மனம்விட்டுப் பேச ஆள் வராது என்பதும் என் பயம். இதை வங்கிக்கும் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புக்கும் விட்டுவிடலாம்.

கவுன்சலிங் முகாம் வைக்கலாம் என்று படித்த இளைஞர்கள் சொல்வார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தமிழ்நாட்டில் செய்தது இங்கே பாடமாக இருக்கும்: மருத்துவர்களைக் கொண்டுவந்து குவிப்பதைவிட உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பேசுவது. 2007-ல் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட மனநல வழிகாட்டியும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. அடியில் எல்லாருக்குமான சோறும் பாதுகாப்பும், அதற்கு மேல் குடும்பமும் ஊரும் தருகிற ஆதரவு, அதற்கு மேல் பயிற்சி பெற்றவர்கள் தருகிற தனிப்பட்ட கவனிப்பு, உச்சியில் கொஞ்சப் பேருக்கு மட்டும் மனநல மருத்துவம். கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிற முகாமுக்கு, தூக்கம் வராமல் தவிக்கிற ஆள் வரவே மாட்டார். பெரும்பாலானவர்களுக்கு வீடு காய்ந்து, வேலை திரும்பி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாலே மனசு தேறும். தேறாதவர்களைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, அதற்கு வீட்டுக்குப் போக வேண்டும். கண்டுபிடித்த பிறகு 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசவைக்கலாம், ஆசாரிப்பள்ளத்துக்குக் கூட்டிப்போகலாம். முகாமுக்காக ஊர்ப்பணம் செலவாக வேண்டாம்.

இடம் மாற்றுவது பற்றிய பகுதியைத்தான் நான் ரொம்பப் பதற்றத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு மனிதர்களைக் கெடுக்கிற முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. 1995 ஜனவரி 17-ல் ஜப்பானில் கோபே நகரில் நிலநடுக்கம், 6,400-க்கும் மேல் சாவு. தற்காலிக வீடுகள் கட்டினார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை கொடுத்துக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். கேட்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடந்தது என்னவென்றால், பழைய தெருவில் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் நகரின் ஓரங்களில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே சிதறிப்போனார்கள். அந்தத் தற்காலிக வீடுகளில் யாருக்கும் தெரியாமல் தனியே செத்துக்கிடந்தவர்கள் 200-க்கும் மேல். அதன் பிறகுதான் புதுக் குடியிருப்புகளில் முதியவர்களை அன்றாடம் போய் விசாரிக்கிற உதவியாளர்களை நியமித்தார்கள். அதே ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு இவானுமா என்ற ஊரில் பலர் அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்தே கூட்டமாக இடம் மாறினார்கள். அவர்களையும் தனித்தனியாகப் போனவர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், சேர்ந்து போன முதியவர்கள் நண்பர்களைப் பார்ப்பதும் கூட்டங்களுக்குப் போவதும் குறையாமல் இருந்தது தெரிந்தது.

நம் பக்கத்திலேயே பார்க்கலாம். சென்னையில் ஆற்றங்கரையில் இருந்தவர்களை 2015-க்குப் பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள், தலைக்கு மேல் கான்கிரீட் கூரை கிடைத்தது, வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை வெகுதூரமாகிவிட்டது. நம் கடற்கரையில் 2004-க்குப் பிறகு வந்த சுனாமி காலனிகளில் உறவுக்காரர்கள் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ச் சங்கத்திடம் காலனி கட்டுகிற பணம் இருக்காது, ஆனால் சின்ன அளவில் இதே முடிவு நம் முன்னாலும் வரும். தனியாக இருக்கிற தாத்தாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா, அவர் இருந்த தெருவிலேயே மேடான ஒரு வீட்டில் மூன்று மாதம் வாடகை கொடுத்து வைக்கலாமா? வெள்ளம் புகுந்த லைன் வீட்டுக் குடும்பத்தை எங்கே வாடகை மலிவோ அங்கே அனுப்பலாமா, அதே வார்டில் கொஞ்சம் கூடுதல் வாடகைக்கு வைக்கலாமா? என் பதில், நடந்து போகிற தூரத்துக்குள். அதே ரேஷன் கடை, அதே பள்ளிக்கூடம், கடன் சொல்லிச் சாமான் வாங்குகிற அதே கடை. ஒற்றிக்கு இருப்பவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். இரண்டு மூன்று லட்சம் ஒற்றிப் பணம் வீட்டுக்காரரிடம் மாட்டிக்கொண்டிருக்கும், வீடு இருக்கிற நிலையில் உள்ளே போக முடியாது, வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் மாட்டார், ரிப்பேர் செய்யவும் மாட்டார். இந்தக் குடும்பங்களுக்கு அந்த இழுபறி முடிகிறவரை இடைக்கால வாடகை கொடுப்பதும், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் போய் வீட்டுக்காரரிடம் பேசுவதும், கையில் ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

இப்போது நான் முதலில் சொன்ன ஆள். இந்த வேலையை எல்லாரும் ஏதோ ஆறுதல் சொல்கிற வேலை என்று நினைக்கிறார்கள். பெரும்பகுதி காகித வேலைதான். நனைந்துபோன ஆதாருக்கு மறுபடி விண்ணப்பிப்பது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு நகல் வாங்குவது, ஓய்வூதியம் நின்றுபோயிருந்தால் ஏன் என்று கேட்பது, ஆஸ்பத்திரியில் பழைய சீட்டு நம்பரைத் தேடி மருந்தை மறுபடி எழுதி வாங்குவது, வடமாநிலத் தொழிலாளிக்கு அவர் சொந்த ஊர் ரேஷன் அட்டையைக் காட்டி ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே அரிசி வாங்கலாம் என்று சொல்லிக் கடைக்குக் கூட்டிப்போவது. 2017 ஒக்கி புயல் ஞாபகம் இருக்கும். கடலில் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்கு அரசு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆனால் காணாமல் போனவரை இறந்தவராகக் கருத வழக்கமாகச் சட்டப்படி ஏழு ஆண்டு ஆக வேண்டும், அதனால் தனி நடைமுறை தேவைப்பட்டது, அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு. அறிவிப்புக்கும் பணம் கைக்கு வருவதற்கும் நடுவில் இத்தனை படி. ஒவ்வொரு படியிலும் கூட நிற்க ஆள் உள்ள குடும்பம் முன்னே போகும், இல்லாத குடும்பம் பின்தங்கும். அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலில் பட்ட பாட்டுக்குப் பிறகு, பேரிடரில் பாதித்த ஒவ்வொரு குடும்பத்தோடும் இப்படி ஒருவர் கூட நின்று தேவைகளைத் தொடர்ந்து பார்க்கிற சேவைக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

சட்டத்தில் நம் கையிலும் ஒரு பிடி இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. நம் வார்டில் யார் யார் அதில் இருக்கிறார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று சரிபார்த்துச் சேர்க்க ஒரு ஆள் கலெக்டர் ஆபீசுக்கு நடக்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற பெண் தன்னார்வலரிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு. நம் ஆள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது அவரோடும் அங்கன்வாடி ஆசிரியையோடும் உட்கார்ந்து பேசுவதுதான்.

இந்த வழியில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரு ஆளை நம்பி இருக்கிறது. அந்த ஆள் தன் சாதிக்காரர் வீட்டுக்கும் தன் சபைக்காரர் வீட்டுக்கும் மட்டும் போனால் எல்லாம் வீண். இது வெறும் சந்தேகம் இல்லை. அமெரிக்க அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச் சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடற்கரை ஊர்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்: கட்டுக்கோப்பான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த இடங்களுக்கு உதவி வேகமாகவும் நிறையவும் வந்தது, அதே கட்டுக்கோப்பு தலித்துகள், பெண்கள் போன்ற விளிம்பில் இருந்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தவும் செய்தது. நம் மாவட்டத்தில் ஊர்வகை உண்டு, சர்ச்சில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்த அன்பியம் உண்டு, ஜமாஅத் உண்டு, சமுதாயச் சங்கங்கள் உண்டு, இவை இருப்பது பெரிய பலம்தான், ஆனால் ஒற்றிக்கு வந்து இரண்டு வருஷம் ஆன குடும்பம் இதில் எதிலும் இருக்காது. அதனால் அந்த ஆளைத் தேர்ந்தெடுக்கிற குழுவில் வேறு வேறு சமூகத்தினர் மூன்று பேராவது இருக்கட்டும், வாடகைக்காரர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை நோட்டை வாங்கி, எந்தெந்த வீட்டுக்குப் போகவில்லை என்று பாருங்கள். போன வீடுகளைவிடப் போகாத வீடுகளைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

யாரை வைக்கலாம் என்றால், சமூகப்பணியில் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுய உதவிக் குழு நடத்திப் பழக்கமுள்ள, ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்த, ஆபீசில் போய்த் தயங்காமல் பேசத் தெரிந்த ஒரு அக்கா போதும், அப்படிப்பட்டவர்கள் நம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சும்மா தொண்டாகச் செய்யச் சொல்லாதீர்கள். சம்பளம் இல்லாத வேலை இரண்டாவது மாதம் நின்றுவிடும், அதற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்தவர் கஷ்டத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கும் மனசு பாரமாகும், அவர் பேச ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், ஓய்வு பெற்ற நர்ஸோ ஆசிரியையோ யாராவது.

எப்போது இந்த வழி வேண்டாம்? கூரையே போன வீடுகள் பத்திருபது இருந்தால் முதலில் கூரை. ஊரில் எல்லாரும் நம்புகிற ஒரு ஆள் கிடைக்கவே இல்லையென்றால் வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் உங்கள் சங்கம் கூடாது என்று உங்களுக்கே தெரிந்தால், அடிப்படை வைத்துத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு ரொக்கத்தைக் கொடுத்து மனநிறைவோடு முடித்துக்கொள்ளுங்கள். அது இரண்டாவது நல்ல வழி, சமமாகப் பிரிப்பதைவிட நிச்சயம் மேல்.

இதோடு சேர்த்து, பெரிய செலவில்லாத ஒன்றையும் செய்யலாம். வாரம் ஒரு சாயங்காலம் நூலகத்திலோ சத்துணவுக் கூடத்திலோ டீயும் வடையும் வைத்து உட்காரும் இடம். வழிபாட்டு இடமாக இல்லாமல் பொது இடமாக இருந்தால் எல்லாரும் வருவார்கள். யார் வரவில்லை என்று பார்த்தாலே நம் ஆளுக்கு அடுத்த நாள் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.

அதே மூன்று லட்சத்தை இப்போது இப்படிப் போட்டுப் பாருங்கள். அரைநாள் வேலைக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம், வருஷத்துக்கு 1,44,000. பெட்ரோல், போன், ஜெராக்ஸுக்கு மாதம் ஆயிரம், 12,000. மீதி 1,44,000 ரூபாய். முந்நூறு வீட்டில் கூட ஆள் தேவைப்படுகிற வீடு நாற்பது இருக்கும் என்று வைத்தால் சராசரி வீட்டுக்கு 3,600 ரூபாய், சில வீட்டுக்கு மூன்று மாத வாடகையாக அதிகம் போகும், மாடி வீட்டுப் பாட்டிக்கு ஒரு ரூபாயும் தேவைப்படாது, அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிற ஆள் மட்டும்தான்.

கையில் ஒரு லட்சம்தான் இருக்கிறது என்பவர்களும் உண்டு, சின்னச் சங்கங்களில் அவ்வளவுதான் தேறும். அப்படியானால் ஆறு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், மாதம் 7,000 ரூபாய். அது 42,000. பெட்ரோலுக்கும் போனுக்கும் 4,000. மிச்சம் 54,000 ரூபாயை முதல் மாதமே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள், பாதியையாவது மூன்றாவது மாதத்துக்கு வைத்திருங்கள். வெளியிலிருந்து வந்த உதவியெல்லாம் அதற்குள் நின்றிருக்கும், வீட்டுக்காரர் வாடகை பாக்கியைக் கேட்கத் தொடங்குவார், பள்ளிக்கூடத்தில் பிள்ளை வரவில்லை என்று ஆள் அனுப்புவார்கள், ஓய்வூதிய மனு திரும்பி வந்திருக்கும். பக்கத்து வார்டுச் சங்கமும் இதே நிலையில் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை வையுங்கள். அதற்கான தீர்மானத்தை மழைக்கு முன்பே, கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கிற நாட்களில் போட்டு, ஆளையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு கூட்டம் போட்டால் மறுபடி அரைமணி நேரம்தான் கிடைக்கும்.